வளர்ந்தவர்களுக்கும் ஏடிஹெச்டி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கவனம் ஓரிடத்தில் நிலைக்காத, சிலருக்குத் துறுதுறுப்பும் அடங்காத ஏடிஹெச்டி கோளாறு பற்றி உங்கள் இதழில் எது வந்தாலும் படிக்கத் தொடங்கிவிடுவேன், படித்து முடிப்பேனா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு முறையும் வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராமல் ஓடும் சிறுவனைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். ஓடாத பிள்ளைகளும் உண்டு ஐயா. நான் ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, பாடம் எந்தப் பக்கத்தில் போகிறது என்றே தெரியாமல் வளர்ந்தவள். சத்தம் போடாத பெண்பிள்ளை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு இது இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது வயது 38. அதுவரை எனக்கு இருந்த பெயர் சோம்பேறி.

பெரியவர்களுக்கும் இது இருக்கும் என்பதை மருத்துவ உலகமே மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இருந்த நிபந்தனை 2013இல்தான் 12 வயது என்று தளர்ந்தது, 17 வயது நிறைந்தவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றும் ஆனது. பழைய கணக்கில் என்னைப் பார்த்திருந்தால் இந்தத் தேர்விலும் நான் ஃபெயில்தான்.

சரி, சொல்ல வந்தது இதுவல்ல. மாத்திரை எனக்கு உதவுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவர் பார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேச முடியாதவை நிறைய இருக்கின்றன. அதற்காக என்னைப் போன்ற ஏழு பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். முதல் பாதி பேச்சு. பின் பாதியில், அவரவர் தள்ளிப்போட்ட வேலையைக் கொண்டுவந்து ஒரே மேசையில் உட்கார்ந்து செய்கிறோம். இதை பாடி டப்ளிங் என்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆள் சும்மா இருந்தாலே கை வேலையைத் தொடுகிறது, ஏன் என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. ஒருவர் எட்டு மாதமாகப் பிரிக்காத வங்கிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மேல் டம்ளர் வைத்த வட்டக் கறை மூன்று இருந்தது. பிரிக்கும்போது அவர் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம், யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு கவர் இருக்கிறது. உள்ளே இருந்தது, உங்கள் முகவரி மாற்றப்பட்டுவிட்டது என்ற ஒற்றை வரித் தகவல். இதற்காக எட்டு மாதம் தூக்கம் கெட்டதா என்று அவரே கேட்ட பிறகுதான் சிரித்தோம். இதே கதையை வீட்டில் சொன்னால், "பிரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தால் குழுவே தேவைப்படாதே!

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இது எங்களுடைய மூன்றாவது குழு. முதல் இரண்டும் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. சண்டை எதுவும் இல்லை. அறைக்குச் சொல்லி வைக்க வேண்டியவர் மறந்தார், ஞாபகப்படுத்த வேண்டியவர் தேதியை மாற்றிப் போட்டார், அப்புறம் வெட்கத்தில் இருவருமே வருவதை நிறுத்திவிட்டார்கள். மறதியும் நேரக் கணக்குப் பிசகுவதும்தான் எங்கள் நோயே, அதே ஆட்களிடம் அமைப்பை நடத்தும் பொறுப்பையும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இந்த முறை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், உறுப்பினர் ஒருவரின் அக்கா. அவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "நாளைக்கு வர்றீங்கதானே?" என்று கேட்பார், அவ்வளவுதான். தாமதமாக வருபவரை ஏன் என்று கேட்பதில்லை, ஒருவர் மாத்திரையை மற்றவர் வாங்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று இரண்டு விதிகளும் வைத்திருக்கிறோம். இரண்டாவது விதி வரக் காரணமான கதையை இங்கே எழுத முடியாது.

எல்லோருக்கும் இப்படி ஓர் அக்கா கிடைக்கமாட்டார். மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் மாதம் இரண்டு நாள் ஓர் அறையைத் திறந்துவிட்டு, முந்தின நாள் போன் செய்ய ஓர் ஊழியரிடம் சொல்லி வைத்தால் போதும், பேச்சை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தச் சிறுவனின் அப்பா அம்மாவிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அவர்கள் வீட்டிலும் பிரிக்காத கவர் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி