மெடிக்கல் அண்ணனுக்கும் எங்கள் தெருவுக்கும்

கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் முதல் வேலையாக அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார், அதனால் இனி பயமில்லை. என்ன நடந்தது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போன அக்காமார்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை தள்ளி நின்றபடி பேச்சுக் கொடுத்த எதிர்வீட்டு மாமா, தன் போனிலேயே வீடியோ கால் போட்டு அம்மா முகத்தைக் காட்டிய செவிலியர், ஆக்சிமீட்டரோடு வந்து தம்பி விரலை நீட்டும்வரை பொறுமையாக நின்ற மாநகராட்சிப் பணியாளர், எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு. தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் வளர்ச்சிக் குறைபாடு. அது உள்ளவர்களுக்குக் கொரோனாத் தொற்று வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். கொரோனா வார்டில் துணைக்கு ஆள் விடவில்லை. மூச்சு முட்டினால் அதைச் சொல்லக்கூட அவனுக்குத் தெரியாதே என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். நல்லவேளை, அவனுக்கு வரவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தம்பியின் பயிற்சி மையத்தை மூடிவிட்டார்கள். அங்கே அவன் காகிதக் கவர் ஒட்டுவான். மாத்திரை போட்டுத் தருவார்களே, அது. என் ஆபீஸ் வீட்டுக்கே வந்தது. அவன் வேலை வரவில்லை. காலையில் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பான், வேன் வராது. "கொரோனா எப்பப் போகும்?" என்று கேட்பான். சாப்பிட்டானா, மாஸ்க் போடுகிறானா என்று ஊரே விசாரித்தது. அரசும் 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது, உதவியாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு வேலை போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெடிக்கல் அண்ணனுக்குத் தோன்றியது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது, "கவர் தட்டுப்பாடா இருக்கு, தம்பி ஒட்டித் தருவானா?" என்று ஒரு கட்டுப் பழைய பேப்பரை நீட்டினார். நிஜமாகவே தட்டுப்பாடா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை கணக்கு, அன்றைக்கே சம்பளம். தம்பிக்குப் பத்து ரூபாய் நோட்டாகத்தான் வேண்டும், அதுவும் கசங்காததாக.

முதல் வாரமே ஒரு கட்டைத் திருப்பிவிட்டார். "தம்பி, இதுல மாத்திரையப் போட்டா ரோட்டுல விழுந்துரும்." எனக்குச் சுருக்கென்றது. பாவம், விடுங்களேன் என்று வாயெடுத்தேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் அடிவழியாக வெளியே வந்தது. பசைக் கிண்ணத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எங்கள் சொந்தத்தில் யாரும் அவன் செய்த எதையும் நன்றாக இல்லை என்று சொன்னதே கிடையாது. அது அன்பு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.

2021 மே மாதம் அம்மாவுக்குத் தொற்று வந்து வீட்டைத் தனிமைப்படுத்தியபோது, ஒட்டிய கவர் கடைக்குப் போக வழியில்லை. அண்ணன் கடை சாத்திவிட்டு வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்பார். "எடுத்துக் காட்டு." தம்பி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பான். "அது சரி. அது வேணாம், பிரிச்சு ஒட்டு." நோட்டில் எண்ணிக்கை ஏறும், கவர் எங்கள் வீட்டுச் சாக்கிலேயே விழும். சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் தவறவில்லை. நாளெல்லாம் அம்மா எங்கே என்று கேட்டவன், அந்த நேரத்தில் மட்டும் கேட்க மாட்டான்.

தடுப்பூசிக்கும் அவரே துணை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முன்னுரிமைப் பட்டியலில் மாற்றுத்திறனாளிகளும் இருந்தார்கள், மருந்துக்கடை ஊழியர்களும் இருந்தார்கள். ஊசி என்றாலே ஓடுகிறவன், அண்ணன் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையைத் தானே சுருட்டினான். "வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் போடுறாங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் விளக்கம் வேறு.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்த மையத்தில் வேலை பார்த்த மற்றவர்களும் இப்போது வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆர்டர் பிடித்துத் தருவது இனி என் பொறுப்பு. மருந்துக்கடை, பொரிகடலைக் கடை வைத்திருப்பவர்களே, உங்களிடம் வந்து நிற்பேன். கவர் சரியில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அண்ணே, சாக்கில் கிடக்கும் கவரையெல்லாம் எப்போது எடுக்க வருவீர்கள் என்று தம்பி கேட்கிறான். பேப்பரும் தீர்ந்துவிட்டதாம்.