பெரியவரின் ஜீப்பும் ஒரு 4007 டயோடும்

எட்மன்டன், கனடா,
பிப்ரவரி 9.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபத்துமூன்று நாள் ஆகிறது. கையெழுத்து பாப்பாவுடையது, வார்த்தையெல்லாம் உங்களுடையது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஃபோனில் ‘நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்’ என்று ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறான் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். குறை சரிதான். தினமும் பதில் எழுத உட்காருவேன், அப்படியே தூங்கிப்போவேன். வேலை நேரம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இன்று காலை மைனஸ் 24. மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைவது நமக்கே தெரியும், உள்ளே சின்ன முள் குத்துகிற மாதிரி இருக்கும். இங்கே எல்லா வண்டியின் முகத்திலிருந்தும் ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருக்கும் அப்பா. ராத்திரி அதை வீட்டுச் சுவரில் இருக்கிற பாயின்ட்டில் சொருகி வைக்க வேண்டும், எஞ்சினுக்குள் இருக்கிற சின்ன ஹீட்டர் அதைச் சூடாகவே வைத்திருக்கும், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. மாட்டைத் தொழுவத்தில் கட்டுகிற மாதிரி தெரு முழுக்க வண்டிகளை ஒயரில் கட்டி வைத்திருக்கிறார்கள். என் வண்டியை இப்போதைக்கு எடுப்பதில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே.

சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை, அம்மா கொடுத்துவிட்ட வத்தக்குழம்புப் பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது. மேல்வீட்டுப் பெரியவர், அதாவது வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பம். உருளைக்கிழங்கை மசித்து உள்ளே வைத்துப் பிடித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, பீரோகி என்பார்கள், மேலே வதக்கின வெங்காயம். காரம் மருந்துக்கும் இருக்காது. நான் பொடியைத் தூவிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு நாள் தூவிப் பார்த்தார், அப்புறம் பத்து நிமிஷம் பேசவே இல்லை. பதிலுக்கு நான் நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று அவர் பனியில் ஜன்னலைத் திறந்துவைத்ததை எழுதினால் அம்மா சிரிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

பெரியவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் 90-களில் வாங்கின ஒரு ஜீப் இருக்கிறது. நம் ஜீப் மாதிரியேதான், முன்னால் ரெண்டு வட்டக் கண். நம்முடையது ராத்திரியிலேயே எரியாது, இடது பக்கத்தை உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினால்தான் உயிர் வரும். இவருடையது பட்டப்பகலிலும் அணையாது. கனடாவில் 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு விற்பனைக்குச் செய்த வண்டி எதுவானாலும் எஞ்சின் ஓடினால் முன்னால் தானாக விளக்கு எரிய வேண்டும், சட்டம். நம் ஊரில் 2017 ஏப்ரலிலிருந்து பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் வந்ததே, அதேதான். புது ஸ்கூட்டர் எடுத்த புதிதில் மஞ்சக்குப்பம் போய் வருவதற்குள் எத்தனை பேர் விரலை மடக்கி விரித்துக் காட்டினார்கள், ‘எனக்குத் தெரியும்யா, இதுக்கு சுவிட்சே கிடையாது’ என்று நீங்கள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தீர்களே!

பெரியவருக்கு ரோட்டில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை வானத்தில். மனிதர் நட்சத்திரப் பைத்தியம். ஊருக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, நம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தூரம்தான், காட்டெருமை மேயும். 2006-லிருந்து அந்தப் பக்கத்தை இருட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் போடக் கூடாது. டெலஸ்கோப் வைத்துக்கொண்டு பத்துப் பேர் ஏரிக்கரையில் நிற்பார்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரே ஒரு ஹெட்லைட் பட்டால் போதும், மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்கே சிவப்புத் தாள் கட்டித்தான் பிடிப்பார்கள். அந்தக் குளிரில் ஹீட்டர் வேண்டுமென்றால் எஞ்சினைப் போட வேண்டும், எஞ்சினைப் போட்டால் விளக்கு வந்துவிடும், விளக்கு வந்தால் பத்துப் பேரும் கத்துவார்கள். இவர் ஒரு பழைய கம்பளியை முன்னால் போர்த்தி வைத்திருந்தார், அந்த ஜீப் கல்யாணத்தில் வெட்கப்படுகிற பெண் மாதிரி நிற்கும்.

‘உங்க அப்பா எலக்ட்ரீஷியன்தானே, நீ பார்’ என்றார். நான் எப்போதோ சொன்னது. சரி, பார்க்கலாம் என்று பின்சந்தில் இருக்கிற ஷெட்டில் பானெட்டைத் திறந்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பகலில் எரிகிற வெளிச்சம் மங்கலாக, ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. எதற்கோ இடது பக்க ஹெட்லைட் கனெக்டரை உருவினேன், வலது பக்கமும் சேர்ந்து அணைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அப்பா. சீரியல் செட்! ரெண்டு ஹைபீமையும் தொடராகக் கோத்துவிட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு வோல்ட் ஆளுக்குப் பாதி. பெருமாள் கோயில் திருவிழாவில் ஒரு பல்பு போனதற்கு ஐம்பது பல்பு அணைந்து, நீங்கள் மூங்கில் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பீர்களே, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான். அந்தப் பாடம் மைனஸ் இருபதில் வேலை செய்யும் என்று யார் நினைத்தது.

பேட்டரிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் இந்த வேலையைச் செய்கிறது. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று பெரியவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கழற்றினோம். குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பிளக்கின் பூட்டுக் கொக்கி டக்கென்று உடைந்து பனியில் விழுந்தது. பகல் விளக்கு போனது, கூடவே ஹைபீமும் போனது. அதற்கான ஒயரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. காட்டுப் பாதையில் மான் குறுக்கே பாயும், ஹைபீம் இல்லாமல் ஓட்ட முடியுமா? திரும்பச் சொருகி, கொக்கிக்குப் பதில் டேப் சுற்றினேன்.

ஜீப்பின் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்தால், ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் அந்தப் பெட்டி விளக்கை எரிய விடாது. ‘அப்புறம் என்ன, ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டியதுதானே?’ என்றேன். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் குளிரில் யாரும் ஹேண்ட்பிரேக் இழுக்க மாட்டார்களாம், கேபிளுக்குள் ஈரம் உறைந்து அப்படியே பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. ஆக, போடாத ஹேண்ட்பிரேக்கைப் போட்டதாக அந்தப் பெட்டியை நம்பவைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கிலிருந்து பெட்டிக்கு வருகிற ஒயரை ஒரு சுவிட்ச் வழியாக பாடியில் எர்த் செய்தால் போதும். செய்தேன், விளக்கு அணைந்தது, ஆனால் டாஷ்போர்டில் பிரேக் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். எப்போதும் எரிகிற எச்சரிக்கையை எவன் பார்ப்பான்? அப்போதுதான் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற உங்கள் டயோடு ஞாபகம் வந்தது. செத்துப்போன அடாப்டர் ஒன்றை உடைத்தேன், உள்ளே நாலு 4007 வரிசையாக உட்கார்ந்திருந்தது, நம் கடை டப்பாவில் கிடக்கிற அதே 4007. ஒன்றை எடுத்து, வெள்ளைக் கோடு ஹேண்ட்பிரேக் பக்கம் வருகிற மாதிரி அந்த ஒயரின் நடுவில் பற்றவைத்து, சுவிட்சைப் பெட்டி இருக்கிற பக்கத்தில் கொடுத்தேன். கையுறையைக் கழற்றினால் ரெண்டு நிமிஷம்தான் விரல் சொன்னபடி கேட்கும், ரெண்டு நிமிஷம் பற்றவைப்பதும் அஞ்சு நிமிஷம் கக்கத்தில் கையை வைத்துக்கொண்டு குதிப்பதுமாக ஒரு மதியம் முழுக்க. இப்போது சுவிட்சைப் போட்டால் பகல் விளக்கு மட்டும் அணையும், பிரேக் விளக்கு தன் வேலையைப் பார்க்கும்.

ஏரிக்கரையில் நிறுத்தின பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், ரோட்டுக்கு வரும் முன் எடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலே கால் மணிக்கே சூரியன் போய்விடும், பனி தூறினால் எதிரே வருவது லாரியா பனியா என்றே தெரியாது. அதைவிடப் பெரிய கூத்து, முன்னால் விளக்கு எரிகிறதே என்று சிலர் மெயின் சுவிட்சைப் போடாமலே இருட்டில் போவார்கள், பின்னால் ஒரு பொட்டு சிவப்பு இருக்காது. இதற்காகவே 2021 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்குத் தனியாகச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

பெரியவர் இந்த மாத வாடகையில் நூறு டாலர் குறைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். சுவிட்சைப் போட்டோம், எஞ்சின் ஓடுகிறது, ஹீட்டர் ஓடுகிறது, ஜீப் கறுப்பாக நிற்கிறது, ஒருத்தரும் கத்தவில்லை. துருவ நட்சத்திரம் இங்கே பாதி வானத்துக்கும் மேலே இருக்கிறது அப்பா, நம் ஊரில் தென்னை மரத்துக்குப் பின்னால் தேட வேண்டும். திருவாதிரை தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு தெற்கே கீழே அகத்திய நட்சத்திரத்தைத் தேடினேன். பெரியவர் முதுகில் தட்டி, அது இந்த ஊரில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை என்றார்.

தானே புயல் அடித்த வருஷம், கரண்ட் இல்லாத அந்த நாட்களில், நிலா மறைந்த பிறகு அப்பாயி மொட்டைமாடியில் காட்டின நட்சத்திரம். கீழே நனைந்துபோன சீரியல் செட்டையெல்லாம் நீங்கள் கயிற்றில் காயப்போட்டிருந்தீர்கள். விழுந்துகிடந்த பலாமரத்தின் வாசனை. ஊரே இருட்டு, ஆனால் எல்லாரும் ஒரே பாயில். நான் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன், கண்ணாடியில் மூச்சு உறைந்து வெள்ளையாகிவிட்டது, நல்லவேளை.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரே வரும் வண்டி விளக்கு பூப்பூவாக விரிந்து தெரிகிறது, பக்கத்துப் பெட்ரோல் பங்க் விளக்கும் அப்படித்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஹெட்லைட் மேல் பழி போட்டீர்கள். அது ஹெட்லைட் இல்லை அப்பா, கண்ணில் புரையாகத்தான் இருக்கும். பெரியவருக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆரம்பித்தது, ஆபரேஷன் முடிந்து இப்போது எனக்குத் தெரியாத நட்சத்திரத்தையெல்லாம் காட்டுகிறார். தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து ஒரே பஸ். மாசி மகம் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். தேவனாம்பட்டினத்து ஆர்டரைச் சின்ன மாமா பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இந்த வருஷம் ஏணி ஏற வேண்டாம். ராத்திரி ஸ்கூட்டரும் வேண்டாம்.

அதற்காக ஜீப்பை விற்கிறேன் என்றால் எனக்குச் சம்மதமில்லை. இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ சின்னச் சிக்கல். ஆனால் கட்டாயம் வரும். மஞ்சக்குப்பம் அத்தையிடம் சீட்டுப் பணத்தை இந்த ஒரு மாதம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன். ஜீப் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது, விற்பதென்றாலும் முதலில் வாரிசுக்கான ஃபார்ம் 31 கொடுத்து உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஜீப்பை வாங்க வருகிற அந்த முதுநகர்க்காரர், விற்றதாகப் பேர் மாற்றுகிற 29, 30 என்று வெற்று ஃபார்மை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வண்டியை அவர் எங்கே எதற்கு ஓட்டினாலும் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும்.

அம்மா, பொடி அனுப்ப வேண்டாம், தபால் செலவு பொடியைவிட அதிகம். செம்மண்டலத்துப் பெரியம்மா முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாருமே எழுதவில்லை.

உங்கள் அன்பு மகன்.

பாப்பா, இதைப் படித்துக் காட்டப்போவது நீதான். இந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிடு. வேலையைப் பற்றி அப்பா கேட்டால் மேலே எழுதியிருப்பதை மட்டும் சொல். ஆஸ்பத்திரிக்கு எந்தத் தேதி என்று முடிவானதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்நேரமானாலும் பரவாயில்லை, ராத்திரியில் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.