மே மாதத்தில் விற்கப்பட்ட ஆகஸ்ட் காட்சி: கென்யச் சுற்றுலா குறித்த புகார்

சேலம்
9 ஜூன் 2025

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வங்கி முதுநிலை மேலாளர், சேலம்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள், தங்கள் சுற்றுலா நிறுவனத்தின் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பருவம் குறித்துப் பொய்யான உறுதி தந்து விற்கப்பட்ட கென்ய வனவிலங்கு மற்றும் கடற்கரைச் சுற்றுலா – பணத்தைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் 2.6.2025 நாளிட்ட மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் சேலம் கிளையில் பதிவு செய்து, 2025 மே 17 முதல் 26 வரை நானும் என் மனைவியும், என் அக்காவும் அவருடைய கணவரும் ஆக நான்கு பேர் கென்யா சென்று வந்தோம். நபருக்கு 3,85,000 ரூபாய் வீதம் மொத்தம் 15,40,000 ரூபாய் செலுத்தினோம். ஊர் திரும்பிய மறுநாளே நான் தொலைபேசியில் தெரிவித்த புகாருக்கு, "விலங்குகளைக் காண்பது இயற்கையின் கையில் உள்ளது, அதற்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது" என்ற இரண்டு வரிப் பதில் பார்வையில் கண்ட மின்னஞ்சலில் வந்தது. என் புகார் என்னவென்பதே தங்கள் அலுவலர்களுக்குப் புரியவில்லை, அல்லது புரியாததுபோல் இருப்பது வசதியாக இருக்கிறது என்று தோன்றுவதால், இதை எழுத்தில் விரிவாகத் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

என் மனைவி பள்ளித் தலைமையாசிரியை. கோடை விடுமுறையைத் தவிர வேறு காலத்தில் பத்து நாள் சேர்ந்தாற்போல் அவருக்கு விடுப்புக் கிடைக்காது. இதைப் பிப்ரவரி மாதம் தங்கள் கிளைக்கு வந்த முதல் நாளே சொன்னேன். நாங்கள் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான் என்பதையும் சொன்னேன்: வில்டபீஸ்ட் என்னும், மாடு போன்ற ஆப்பிரிக்க மான்களின் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி. மே மாதத்தில் அது கிடைக்குமா என்று நான் நேராகக் கேட்டதற்கு, தங்கள் விற்பனைப் பிரதிநிதி பிப்ரவரி 14 அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிலை எழுத்து மாறாமல் தருகிறேன்: "மே கடைசி வாரத்திலேயே கிராசிங் ஸ்டார்ட் ஆகிடும் சார், கூட்டமும் இருக்காது, கவலையே வேண்டாம்." அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதை நம்பித்தான் அன்று மாலையே முன்பணம் கட்டினேன்.

இப்போது உண்மை நிலையைப் பார்ப்போம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும், அவற்றோடு வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வலசை போகின்றன. அண்டை நாடான தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குத் தெற்கே, நிடுட்டுச் சமவெளியில், ஜனவரி முதல் மார்ச் வரை அவை குட்டி போடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் செரெங்கெட்டியின் நடுப்பகுதியிலும் மேற்கே குருமெட்டி ஆற்றை ஒட்டியும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரையில்தான் வடக்கே வந்து மாரா ஆற்றைக் கடந்து கென்யப் பக்கம் சேர்கின்றன. மழை முந்தினாலும் பிந்தினாலும் சில வாரங்கள் மாறலாமே ஒழிய, ஆகஸ்ட் மாதக் காட்சி மே மாதத்துக்கு வந்துவிடாது. இது ரகசியமும் அன்று. பயணத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. பங்குனி மாதத்தில் குற்றாலச் சாரலுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி ஒருவர் பணம் வாங்கிவிட்டு, வறண்ட பாறைக்கு முன்னால் நம்மை நிறுத்தி "அருவி இயற்கையின் கையில் உள்ளது" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? சிங்கம் கண்ணில் படவில்லை என்று நான் முறையிட்டிருந்தால் தங்கள் பதில் பொருந்தியிருக்கும். நான் முறையிடுவது விலங்கைப் பற்றி அல்ல, நாட்காட்டியைப் பற்றி.

இது அறியாமல் நேர்ந்த பிழை என்றும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குத் தங்கள் விலைப்பட்டியலே காரணம். மசாய் மாரா தேசியக் காப்பகத்துக்கு வெளிநாட்டவர் செலுத்த வேண்டிய நுழைவுக் கட்டணம், 2024 முதல், ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். காப்பகத்தை நடத்தும் நரோக் உள்ளாட்சி நிர்வாகம் ஜூலையில் கட்டணத்தை இரட்டிப்பாக்குவது எதற்காக? வலசைக் கூட்டம் அப்போதுதான் வருகிறது, அதைக் காண உலகமும் அப்போதுதான் வருகிறது என்பதற்காகத்தான். தாங்கள் எங்களிடம் மூன்று நாளுக்கு நபருக்கு 200 டாலர் வீதம் 2,400 டாலர் வசூலித்திருக்கிறீர்கள். காப்பகத்தின் தலேக் வாயிலில் கொடுத்த ரசீதுகளை ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி, என் மனைவி தன் நாட்குறிப்பின் பக்கங்களுக்கிடையே பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். மூன்றிலும் நபருக்கு 100 டாலர் என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆக, சீசன் இல்லாத மாதத்துக்கு எங்களை அனுப்பி, சீசன் மாதத்துக்கான கட்டணத்தை வசூலித்து, இடையிலிருந்த 1,200 டாலரைத் தாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில், இதைக் கவனக்குறைவு என்று எழுத என் பேனா மறுக்கிறது.

மார்ச் முதல் மே வரை கென்யாவில் நீண்ட மழைக்காலம். 2024 மே மாதத் தொடக்கத்தில் அந்த வாயிலை ஒட்டி ஓடும் தலேக் ஆறு பெருக்கெடுத்து, அதன் கரையிலிருந்த முகாம்களில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகளை மீட்க வேண்டி வந்தது செய்திகளில் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டே, அதே மாதத்தில், அதே ஆற்றங்கரைக்கு எங்களை அனுப்பிய தாங்கள், குறைந்தபட்சம் அந்தத் தரைக்கேற்ற வண்டியையாவது தந்திருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் எழுதியிருந்தது நான்கு சக்கர இயக்கமுள்ள லேண்ட் குரூசர். நைரோபி விடுதி வாசலில் வந்து நின்றது, கூரையை மட்டும் தூக்கிவிடக்கூடிய பழைய டொயோட்டா வேன்.

மே 21 காலையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாராவின் பல பகுதிகளில் தரை நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்றது; காய்ந்தால் கல், நனைந்தால் களி. இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிய தடத்தில், வாயிலைக் கடந்து நாற்பது நிமிடத்துக்குள் எங்கள் வேனின் பின்சக்கரங்கள் அச்சு வரை இறங்கிவிட்டன. ஓட்டுநர் விசையை அழுத்த அழுத்தச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, கரிய சேற்றைக் கண்ணாடி மீது வாரி இறைத்தது. சிங்கம் நடமாடும் இடம் என்பதால் எங்களை இறங்கவும் விடவில்லை. அறுபத்து நான்கு வயதான என் அக்காவின் கணவர், நீரிழிவு உள்ளவர், உணவுப்பொட்டலமும் முகாமிலேயே தங்கிவிட்ட நிலையில், இரண்டு மணி நேரம் அந்த வேனுக்குள் அடைந்து கிடந்தார். கடைசியில் வேறொரு நிறுவனத்தின் லேண்ட் குரூசர் வந்து கயிறு கட்டி இழுத்தது. எங்களுக்கு விற்கப்பட்ட வண்டி எப்படி இருக்கும் என்பதை அந்தக் கயிற்றின் மறுமுனையில்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மறுநாள் மாரா ஆற்றங்கரையில் ஓர் உயரமான இடத்தில் வேனை நிறுத்தினார் ஓட்டுநர். செம்மண் நிறத்தில் ஆறு புரண்டு ஓடியது. வளைவில் நீர்யானைகள் முதுகைக் காட்டிக் கிடந்தன. எதிர்க்கரையில் ஒரு முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது. ஆற்றில் இறங்கும் சரிவுகளில் பழைய குளம்புத் தடங்களின் மேல் புல் முளைத்திருந்தது. "கூட்டம் எப்போது வரும்?" என்று என் மனைவி கேட்டார். ஓட்டுநர் தயங்கி, தான்சானியா இருக்கும் தெற்குத் திசையைக் கையால் காட்டி, "ஆகஸ்ட், மம்மா" என்றார். தம்மிடம் இப்படி ஏமாந்து வருகிறவர்கள் நாங்கள் முதல் ஆட்கள் அல்ல என்றும் சொன்னார். பிறகு "போலே சனா" என்றார். சுவாஹிலியில் அதற்கு மிகவும் வருந்துகிறேன் என்று பொருளாம். இந்தப் பயணம் தொடர்பாக எங்களிடம் இதுவரை வருத்தம் தெரிவித்தவர் அவர் ஒருவரே. மழையிலும் சேற்றிலும் அவர் எங்களுக்காகப் பட்ட பாட்டையும், யானைக் கூட்டங்களையும் குட்டிகளோடு இருந்த சிறுத்தை ஒன்றையும் தேடிக் காட்டியதையும் இங்கே பதிவு செய்வது என் கடமை. இந்தப் புகாரின் பெயரால் அவர் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது.

எங்கள் பயணத் திட்டத்தில் இருந்த நக்கூரு ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரி முழுதும் இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நிற்கும் படத்தைத் தங்கள் கையேட்டின் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து, உவர்ப்புக் குறைந்து, பூநாரைகள் பெருமளவில் பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. காண்டாமிருகங்களை அங்கே நன்றாகவே பார்த்தோம், குறையில்லை. ஆனால் அட்டைப் படத்தை இனியாவது மாற்றுங்கள்.

அடுத்து, மாராவிலிருந்து டயானி கடற்கரைக்குச் சிறிய விமானத்தில் செல்வதாக ஏற்பாடு. அதற்கென நபருக்கு 310 டாலர் விலைப்பட்டியலில் தனியாகவே காட்டப்பட்டிருக்கிறது. அந்த விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும் என்று தாங்கள் வற்புறுத்தியதால், வீட்டில் நல்ல பெட்டிகள் இருக்க, நான்கு புதிய பைகளை வாங்கினோம். மே 22 இரவு எட்டு மணிக்கு, விமானம் ரத்து என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, ஆறு மணி நேரம் அதே வேனில் நைரோபிக்குத் திரும்பி, அங்கிருந்து மொம்பாசா ரயிலில் சாதாரண வகுப்பில் உட்கார்ந்து, இரவில் மொம்பாசாவின் மிரிட்டினி நிலையத்தில் இறங்கி, லிகோனி படகுத்துறையில் வரிசையில் நின்று, டயானி விடுதிக்குள் நுழைந்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. ரயில் பயணச்சீட்டில் நபருக்கு அச்சாகியிருந்த தொகை 1,500 கென்ய ஷில்லிங், அதாவது சுமார் 12 டாலர். 310 டாலருக்கும் 12 டாலருக்கும் இடைப்பட்ட தொகை எங்கே போனது என்பதற்கு இதுவரை பதில் இல்லை. சாவோ தேசியப் பூங்கா வழியாக ரயில் போகும்போது, செம்மண் பூசிய யானைகளை என் அக்கா சன்னலோரம் இருந்து பார்த்து மகிழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கான நன்றி தங்களுக்கு உரியதன்று.

கடற்கரையிலும் அதே கதைதான். கென்யக் கரையோரத்தில் மழை உச்சத்தில் இருப்பது ஏப்ரல், மே மாதங்களில்; தென்கிழக்குக் காற்றும் அப்போது எழுந்துவிடுகிறது. மூன்று நாளும் கடல் கலங்கி, கரையெங்கும் பாசி குவிந்து கிடந்தது. கிசிட்டே கடல் பூங்காவுக்கான படகுப் பயணம் நடக்கவில்லை. இந்த மாதத்தில் பெரும்பாலும் படகு எடுப்பதில்லை என்று விடுதியிலேயே சொன்னார்கள். ஆள் வராத மாதம் என்பதால் விடுதியில் ஒரு பகுதியை மூடிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல்குளத்தில் தண்ணீர் இல்லை. கடலைப் பார்த்த அறை என்று தந்ததன் சன்னலுக்கு வெளியே சாரம் கட்டி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறித்த தங்கள் அலட்சியம் இதைவிட அபாயமானது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையேல் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். தங்கள் கிளையோ "அது ஆப்ஷனல்தான்" என்று சொல்லிவந்து, புறப்பட ஒரு வாரம் இருக்கையில் திடீரென்று கட்டாயம் என்றது. இரவு ரயிலேறிச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் மே 12 அன்று ஊசி போட்டுக்கொண்டோம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்று மருத்துவர் சொன்னபோது, ஆற அமர யோசிக்கவோ குடும்ப மருத்துவரைக் கலந்துகொள்ளவோ எங்களுக்கு நேரம் இல்லை.

ஆகவே, நுழைவுக் கட்டணத்தில் கூடுதலாக வசூலித்த 1,200 டாலரையும், விமானத்துக்கும் ரயிலுக்கும் இடைப்பட்ட நபருக்கு 298 டாலர் வீதம் 1,192 டாலரையும், லேண்ட் குரூசருக்கும் வேனுக்கும் உள்ள வாடகை வேறுபாட்டையும், நடக்காத படகுப் பயணத்துக்கான தொகையையும் திரும்பத் தர வேண்டும். இவை கணக்கு. இதற்கு அப்பால், பருவம் குறித்துப் பொய்யான உறுதி தந்து எங்களை இப்பயணத்துக்கு இணங்க வைத்ததற்காக, செலுத்திய மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கான 3,85,000 ரூபாயை இழப்பீடாகக் கோருகிறேன். பிப்ரவரியில் கட்டிய முன்பணத்தின்மேல் தாங்கள் வசூலித்த 5 சதவீத வருமான வரிக்கான சான்றிதழும் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் உடன் அனுப்புக.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தக்க பதில் வராவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகிய இரண்டின் கீழும் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடம் தருகிறது என்பதால், சென்னைக்கு அலைய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படி, மூன்று நுழைவு ரசீதுகள், ரயில் பயணச்சீட்டு, தங்கள் விலைப்பட்டியல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலப் படிகள் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)