இரண்டு பலகைகள் கேட்டு மட்டக்களப்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உங்களிடம் இரண்டு பலகைகள் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். ஒன்று, நகரத்தில் உள்ள ஒவ்வொரு உணவகத்தின் வாசலிலும் தேநீர்க்கடையின் வாசலிலும், தெருவில் நிற்பவர் வாசிக்கக்கூடிய விலைப்பலகை. மற்றது, பஸ் நிலையத்திலும் போதனா வைத்தியசாலையின் வாசலிலும், எந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தமிழில் பெரிதாக எழுதிய நேரப்பலகை.

வடிகாலும் வீதியும் குப்பையும் உங்கள் மேசையில் காத்திருக்கும்போது பலகை ஒரு பெரிய விடயமா என்று தோன்றலாம். இவை இல்லாததால் பசியோடு வீடு திரும்புகிறவர்கள் யார் என்பதைப் பார்த்த பிறகு எனக்கு இது பெரிய விடயமாகவே படுகிறது.

வைத்தியசாலைக்குக் கிளினிக் வருகிறவர்களைக் கவனியுங்கள். கரடியனாறு, ஆயித்தியமலை, உன்னிச்சை, வெல்லாவெளி, பழுகாமம் என்று மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அவர்கள் இருட்டோடு எழும்ப வேண்டும். நீரிழிவு நோயாளி என்றால் வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு மிடறு தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறி, இலக்கம் எடுத்து, வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு.

அப்படி வந்த ஓர் அம்மாவை அண்மையில் ஒரு கடையில் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு இன்னும் அப்படியே இருந்தது. அவர் அமர்ந்ததும் கடைப்பையன் வழக்கம்போல ரோல்ஸ், உளுந்து வடை, பணிஸ் எல்லாம் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். எடுத்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்பது நம் ஊர்க் கடைகளின் வழக்கம். அவர் தட்டைத் தொடவில்லை. பக்கத்து மேசைக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் போனதை ஒரு தடவை பார்த்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை மடியில் அவிழ்த்து எண்ணினார். பிறகு, “தம்பி, சீனி போடாமல் ஒரு பிளேன்டீ மட்டும் போதும்” என்றார். அதைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அவர் எண்ணிய நோட்டுகளில் அந்த இடியப்பத்துக்குப் போதிய காசு இருந்தது. அன்று நானும் அதையே சாப்பிட்டேன் என்பதால் விலை எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சுவரில் சாமிப் படமும் நாட்காட்டியும் இருந்தன, விலை எழுதிய ஒரு துண்டுகூட இல்லை.

கேட்டிருக்கலாமே என்று சொல்வது எளிது. நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அமர்ந்து விலை கேட்டுவிட்டு, கட்டாது என்று எழும்பி நடப்பது நம் பெரியவர்களுக்குச் சாவுக்குச் சமம். பசியைத் தாங்குவார்கள், அந்தப் பார்வையைத் தாங்கமாட்டார்கள். பெண்களுக்கு இது இன்னும் கடினம். நம் தேநீர்க்கடைகளில் பெரும்பாலும் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள். தனியாக வருகிற ஒரு பெண் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, முதலாளியைக் கூப்பிட்டு விலை விசாரிப்பாரா? விசாரிக்கமாட்டார். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் பக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவார். நம் நகரத்தில் பிஸ்கட் பக்கெட்டோடு மதியத்தைக் கடத்துகிற பெண்கள் எத்தனை பேர் என்பதை ஒரு நாள் பஸ் நிலைய இருக்கைகளைச் சுற்றி நடந்தாலே அறியலாம். அதனால்தான் பலகை தெருவைப் பார்த்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உள்ளே, காசு மேசைக்குப் பின்னால் தொங்கும் பலகையால் இவர்களுக்குப் பயன் இல்லை.

இந்த நகரத்தின் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நெல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் விளைகிறது. பால் அங்கிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கொள்கலன்களோடு பாலம் கடந்து வருகிறது. எருமைத் தயிர் சட்டி சட்டியாக அங்கிருந்து வருகிறது. மட்டக்களப்புத் தயிர் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் போகும் சட்டி அது. அந்தத் தயிரைத் தோய்த்து அனுப்பிய வீட்டிலிருந்து வருகிற ஒருவர், நம் நகரத்துக் கடையில் ஒரு சோற்றுப் பார்சலின் விலை தெரியாமல் வாசலில் தயங்கி நிற்பதை நான் வெட்கத்தோடு பார்க்கிறேன்.

கடைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் பட்ட பாடும் தெரியும். 2021 ஒக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு ஆகியவற்றின் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதற்கு முன் 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022இல் 4,800 ரூபாயைத் தாண்டியது. காலையில் எழுதிய விலை மாலையில் கட்டுபடியாகாத காலம் அது. பால் தேநீரே கிடைக்காமல் பிளேன்டீயோடு நாடு நின்ற காலம். பலகை வைத்திருந்தவர்களும் கழற்றியதில் வியப்பில்லை. கொந்தளிப்பு அடங்கிய பின்னும் பலகை திரும்பி வரவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. இன்று சாப்பிட்டு முடித்தபின் முதலாளி வாயால் சொல்லும் தொகைதான் பட்டியல். அதில் இடியப்பம் எவ்வளவு, மீன் துண்டு எவ்வளவு, நாம் கேட்காமல் வந்த பருப்புக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதே சாப்பாட்டுக்கு ஊர் முகம் ஒரு விலையும் வெளியூர் முகம் வேறு விலையும் கொடுத்துவிட்டு வருவதும் நடக்கிறது.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விற்கும் பொருளின் விலையை வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய இடத்தில் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. உணவகங்களுக்கு ஆண்டுதோறும் வியாபார அனுமதிப்பத்திரம் கொடுப்பது நீங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சமையலறையைப் பார்க்கச் செல்கிறார்கள். அப்படிப் போகும்போது வாசலையும் ஒரு கண் பார்த்துவிட்டு வருவது மேலதிக வேலை ஆகாது.

கோயில் பார்க்கவும் வைத்தியத்துக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் போய்வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அங்குள்ள சாதாரண உணவகம் பலவற்றில் காசாளரின் தலைக்கு மேலே இட்லி, பொங்கல், வடை, பில்டர் கோப்பி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே விலை எழுதியிருக்கும். முதலில் காசைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனை நீட்டினால் டபராவில் நுரை ததும்பக் கோப்பி வரும். பையில் உள்ளதையும் பலகையில் உள்ளதையும் பார்த்து, எதைச் சாப்பிடலாம் என்று ஒருவரிடமும் வாய் திறக்காமல் முடிவெடுத்துவிடலாம். ஏழையும் வசதியானவரும் அந்தப் பலகைக்குக் கீழே ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். 2013இல் சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கியபோது ஓர் இட்லி ஒரு ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அவையெல்லாம் ஒரு மாநில அரசின் கருவூலம் இருந்தால் நடக்கிற காரியங்கள். அவற்றை உங்களிடம் கேட்கவில்லை. காசாளரின் தலைக்கு மேலே தொங்கும் பலகையை, இன்னும் சற்று வெளியே, வாசலுக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி இரண்டாவது பலகை.

வாவிக்கு இப்பால், கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருக்கிற எங்களுக்கு இதன் அருமை அவ்வளவாகப் புரியாது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடற்கரையோரம் போகிற வீதியில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் பின்னால் இன்னொன்று வரும். வாவிக்கு அப்பால் அப்படி இல்லை. வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுப் பக்கம், மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம், பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிப் பக்கம் என்று பஸ்கள் பிரிந்து போகின்றன. உட்கிராமங்களுக்குப் போகிறவை மிகக் குறைவு. மண்முனையில் 2014 வரை மக்கள் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை எப்போது வரும் என்று கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்காவது தெரியும். பாலம் வந்து பயணம் குறுகிவிட்டது, ஆனால் பஸ் எப்போது வரும் என்பது இன்றும் வாய்வழிச் செய்திதான். பஸ் நிலையத்தில் ஒருவர் நாலரைக்கு என்பார். அடுத்தவர் அது போய்விட்டது என்பார். மூன்றாமவர் இன்று அந்த பஸ் ஓடவில்லை என்பார்.

இதன் விளைவைத்தான் நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கிளினிக்கில் மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டே, பஸ் போய்விடும் என்ற பயத்தில் மருந்தை வாங்காமல் விலகிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் பஸ் வர இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் மருந்தையும் வாங்கியிருக்கலாம், ஒரு பிடி சோறும் சாப்பிட்டிருக்கலாம். பஸ் நேரம் தெரியாதவர் எந்தக் கடையிலும் அமைதியாக அமர்ந்து சாப்பிடமாட்டார். விலை தெரியாமல் பாதிப் பசி, நேரம் தெரியாமல் மீதிப் பசி என்று இரண்டும் ஒரே ஆளின் வயிற்றில்தான் விழுகின்றன. கடைசி பஸ்ஸும் போய்விட்டால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். போதாததற்கு, பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும் ஊர்கள் அவை. யானை தாக்கி உயிர் போன செய்திகளைப் பத்திரிகையில் நாம் எல்லோரும் வாசிக்கிறோம். கடைசி பஸ்ஸின் நேரத்தை ஒருவருக்குச் சொல்லாமல் விடுவது அந்த ஊர்களைப் பொறுத்தவரை சிறிய குறை அல்ல.

பஸ்ஸை ஓடவைப்பது மாநகர சபையின் வேலை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கம் இலங்கைப் போக்குவரத்துச் சபை இருக்கிறது. தனியார் பஸ்களுக்கு மாகாணத்துக்குள் அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை, மாகாணம் தாண்டிப் போகிறவற்றுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. புதிய பஸ் வேண்டும், இரவு பஸ் வேண்டும் என்று கேட்டால் உங்கள் கடிதம் இந்த மூன்று வாசல்களிலும் சுற்றிவர வேண்டியிருக்கும். இப்போது ஓடுகிற பஸ்ஸின் நேரத்தை எழுதிவைக்க அவ்வளவு சுற்று வேண்டாம். போக்குவரத்துச் சபை, தனியார் என்ற இரு தரப்பு நேரக் கணிப்பாளர்களையும் ஒரு மேசையில் இருத்தினால் ஒரு காலைப் பொழுதில் பட்டியல் தயாராகிவிடும். எல்லா நேரமும் வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் முதல் பஸ், கடைசி பஸ், இந்த இரண்டும் கிடைத்தாலே பாதிக் கவலை தீரும். கைபேசியில் பார்க்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் சொல்கிற அம்மாக்களின் கைபேசியில் பேச மட்டும்தான் முடியும்.

விலைப்பலகைக்கு மறுப்பு எழும் என்பதும் தெரியும். விலை மாறிக்கொண்டே இருக்கும், எத்தனை தடவை பெயின்ட் அடிப்பது என்பார்கள். பெயின்ட் வேண்டாம், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். விலை ஏறினால் அழித்து எழுதட்டும், அதை நாம் யாரும் தடுக்கப்போவதில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. மீன் சோறு என்றால் எத்தனை கறி, முட்டை சேருமா, இடியப்பத்துக்குச் சொதி உண்டா என்பதும் விலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விலைச் சண்டையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதோடு, அபராதத்தில் தொடங்கிவிடாதீர்கள். வீதியோரத்தில் காலையில் பிட்டும் இடியப்பமும் அவித்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தண்டப் பத்திரத்தோடு யாரும் போகக்கூடாது. சிறு கடைகளுக்கான பலகையைச் சபையே செய்து கொடுக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்த மண் என்று மேடைகளில் சொல்கிறோம். இரு தரப்புக் கடைகளிலும் இரு தரப்பும் நம்பி அமர்ந்து சாப்பிட இந்தச் சுண்ணக்கட்டி எழுத்து உதவும். அந்த நம்பிக்கையில் காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளும் இதைப் பின்பற்றினால் இன்னும் மகிழ்வேன்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை நகர விடயத்தை எடுத்துச் சொல்ல நமக்கென்று தெரிவான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்த கால்களுக்கு வைத்தியசாலை வாசல் தூரம் இல்லை. கிளினிக் நடக்கிற ஒரு நாள் காலையில் வந்து அங்கே நில்லுங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், அவர்கள் எங்கே போகிறார்கள், எதைச் சாப்பிடாமல் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

அடுத்த மாதாந்த அமர்வில் இதை ஒரு பிரேரணையாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நகரம் முழுவதும் ஒரே நாளில் முடியாது என்றால் வைத்தியசாலையைச் சுற்றியுள்ள கடைகளிலும் அதன் வாசலிலும் தொடங்குங்கள். பஸ் நேரங்களைத் திரட்டி எழுதும் வேலைக்கு ஆள் தேவையென்றால், நாள்தோறும் அந்த பஸ்களில் போய்வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கல்லடிவாசி ஒருவர்