ஸ்கார்பரோவிலிருந்து லத்தேரிக்கு

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

நைனா கைப்பட எழுதின லெட்டர் போன வாரம் கிடைச்சுது. போன்ல எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு ஆளுக்கொண்ணு கேக்கும்போது பேச முடியாததையெல்லாம் எழுதியிருக்கீங்க. அதான் நானும் எழுத உக்காந்தேன். நிலத்து விஷயத்துக்குக் கடைசியில வர்றேன். முதல்ல பேரப்பசங்க கதை.

ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் லீவு விட்டாச்சு. அஞ்சு மணி ஆகறதுக்குள்ள இருட்டிடுது. ரெண்டும் வீட்டுக்குள்ளயே கிடந்து ஒண்ணை ஒண்ணு பிச்சுக்குதுங்க. பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பத்தி அண்ணிகிட்ட சொல்லியிருக்கேன், கொட்டற பனியில அரை டிராயரோட வந்து வாசல்ல பனி வாருவாரே, அவருதான் வழி சொன்னார். அவருக்குச் சொந்த ஊரு மேற்குக் கோடியில வான்கூவர் தீவுல நானைமோ. நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊராம். அந்த ஊர் பேர்லயே ஒரு இனிப்பு இருக்கு, நானைமோ பார். 2019-ல கனடா தபால்காரங்க அதுக்கு ஸ்டாம்பே போட்டாங்க. ஒண்ணு கொடுத்தார், நைனா ஆல்பத்துக்காக இதோட வெச்சிருக்கேன்.

ஓவனே வேணாம் அதுக்கு. எங்க போர்ஷன்ல ஓவன் ரிப்பேரு, வீட்டுக்காரர் பாக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். பசங்க ஓடற வீட்டுல அது இல்லாம இருக்கறதும் நல்லதுதான்.

மூணு அடுக்கு. கீழ பிஸ்கட் தூள், தேங்காப்பூ, கோகோ, வெண்ணெய். அதுல ஒரு முட்டையும் சேரும், மார்கழியில முட்டையான்னு ஆயா கேப்பா, சொல்லிடாதீங்க. தாத்தா சொன்ன பிஸ்கட் விலை ஜாஸ்தி, நான் மாரி பிஸ்கட்டை ஒரு கவர்ல போட்டு சின்னவன்கிட்ட சப்பாத்திக் கட்டையைக் கொடுத்துட்டேன். என்ன அடி அடிச்சான் தெரியுமா! பாதாம் போடலை. ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறதுல கொட்டை வகை எதுவும் இருக்கக் கூடாது, மிச்சத்தை டப்பாவுல கொண்டுபோனா வம்பு. வேர்க்கடலை விளையற ஊர்லேர்ந்து வந்தவளுக்கு இது ஒரு தண்டனை.

நடு அடுக்குக்கு வெண்ணெய், பொடிச்ச சர்க்கரை, அதோட கஸ்டர்ட் பவுடர். நீ பழம் போட்டுச் செய்வியே அம்மா, அதே மஞ்சள் பவுடர்தான். மேல உருக்கின சாக்லேட். ஒரு பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்கவிட்டு அதுமேல இன்னொரு பாத்திரத்தை வெச்சு உருக்கணும். ஒரு சொட்டு தண்ணி உள்ள விழுந்தாலும் திரிஞ்சு மணல் மாதிரி ஆயிடும். பெரியவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிண்டினா.

ஆறட்டும்னு தட்டை வாசப்படியில வெச்சோம், ஊரே பிரிட்ஜ்தானே. கறுப்பு அணில் வந்துடும்னு மேல ஒரு தட்டைக் கவுத்து செங்கல்லை வெச்சோம். இங்க அணிலெல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு, முதுகுல கோடே கிடையாது. ராமர் இங்க வரலையான்னு கேக்கறான் சின்னவன்.

வெட்டறதுக்குத் தாத்தா ஸ்கேலோட வந்துட்டார்! கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைச்சுத் துடைச்சு வெட்டினார், அப்பதான் மேல் சாக்லேட் வெடிக்காதாம். எல்லாம் ஒரே அளவு. மாரி பிஸ்கட்டைப் பாத்து முகத்தைச் சுளிச்சவர், போகும்போது நாலு துண்டு தின்னுட்டுத்தான் போனார்.

மறுநாள் பெரியவ இன்னும் ஏதாவது செய்யணும்னா. இங்க பசங்க பொரியில மார்ஷ்மல்லோவை உருக்கிக் கொட்டி வில்லை போடுவாங்க. அந்த மார்ஷ்மல்லோவுல ஜெலட்டின் இருக்கு, மாட்டுத் தோல்லயோ பன்னித் தோல்லயோ எடுக்கறது. எனக்கு மனசு ஒப்பலை. தமிழ்க் கடையில வெல்லம் வாங்கிட்டு வந்து பாகு வெச்சேன். கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாத்தேன், வந்துடுச்சு. கையில அரிசிமாவைத் தொட்டுக்கிட்டு சூட்டோட பிடிச்சோம். கார்த்திகைக்கு ஆயா பிடிக்கும்போது உடைஞ்சதெல்லாம் பசங்களுக்குன்னு சட்டம் இருக்கும்ல. எனக்குன்னு ஒண்ணை மட்டும் வேணும்னே அழுத்தாம விடுவா. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அண்ணனுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாகு வாசனை வீடெல்லாம் நின்னுச்சு. நான் பாத்ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்தேன். ஆயாவுக்கு இப்ப கண்ணு எப்படி இருக்கு? ஆபரேஷன் பொங்கலுக்கு அப்புறம்னு ஏன் தள்ளறீங்க?

அவர் நல்லா இருக்கார். குளிர்ல கட்டட வேலை கொஞ்சம் நிக்கும், இது எல்லா வருஷமும் உள்ளதுதான். வீட்டுல இருக்கறதால பசங்களுக்குக் கொண்டாட்டம்.

இப்ப நிலம். போன வருஷம் நான்தான் விக்க வேணாம்னு சண்டை போட்டேன். யோசிச்சுப் பாத்தேன், அண்ணன் சொல்றதும் சரிதான், யாரு இருந்து கடலை போடப் போறது. வித்துடலாம். பசங்க பேர்ல ஏதாவது போட்டு வைக்கலாம்னுதான், வேற ஒண்ணுமில்லை. பவர் பத்திரத்தை டொரண்டோ இந்தியத் துணைத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பறேன். அது உங்க கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீசுல முத்திரைக் கட்டணம் கட்டிடணும், விட்டா சிக்கல். அண்ணன் மறந்துடுவான், நைனாவே கூடப் போங்க. பட்டா, சிட்டா நகலை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.

கிணத்தோரம் தென்னை நிக்கற இடத்தை மட்டும் ஆயா இருக்கற வரைக்கும் தொட வேணாம். வாங்கறவங்க ஒத்துக்கலைன்னா வேற ஆளைப் பாருங்க.

அட்வான்ஸ் வந்தா என் பங்கை நேரா என் கணக்குல போடச் சொல்லுங்க. ஜனவரிக்குள்ள ஆனா நல்லது. அவசரம் ஒண்ணும் இல்லை. அத்தை வந்து விலை கேட்டா இன்னும் பேசலைன்னே சொல்லுங்க, இந்த லெட்டரையும் காட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் மகள்