பார்ப்பம் என்று சொன்னேன்

அன்புள்ள அக்கா,

ஆவணியில் அண்ணையின் திவசம் வருகிறது. உங்கள் பழைய தொலைபேசி இலக்கம் இப்போது இயங்காததால்தான் பலர் கண்படும் இடத்தில் இதை எழுதுகிறேன். உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். எங்கள் மருத்துவ உதவி நிதியத்தின் நிறைவேற்றுக் குழுவில் யார் என்ன பேசினார்கள் என்பதையும் எழுதப்போவதில்லை. அவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள்.

2022 ஜூன் நடுப்பகுதியில், மின்வெட்டு நேரத்தில், புற்றுநோய் ஆஸ்பத்திரி உள்ள மகரகமயிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். பஸ் குறைந்திருந்த நாட்கள். பாதி வழி நடந்ததாகச் சொன்னீர்கள். காம்பில் கசிந்த பால் என் கோப்புகளில் படாதபடி பழைய பேப்பரை விரித்து, ஆறு கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தீர்கள். “அண்ணை உங்களுக்கெண்டு குடுத்துவிட்டவர், பிள்ளை.” அதே மேசையின் லாச்சியில், அண்ணையின் ஊசிக்கு உதவி கேட்ட உங்கள் விண்ணப்பத்தை மறுக்கும் கடிதம் முதல்நாளே கையெழுத்தாகிக் கிடந்தது.

“ஊசிக் காசு என்னமாதிரி?” என்று கேட்டீர்கள்.

“பார்ப்பம் அக்கா.”

அடுத்த முறைக்கு வேணும் என்று வெறும் பையை மடித்து எடுத்துக்கொண்டு போனீர்கள்.

காசு உண்மையிலேயே இருக்கவில்லை. அவ்வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, ரூபாயில் சேர்த்த எங்கள் நிதியால் இறக்குமதி மருந்தில் பழைய அளவின் பாதியைச் சற்றே தாண்டித்தான் வாங்க முடிந்தது. கெட்ட செய்தியைச் சொல்லும் விதத்தையும் நான் படித்திருந்தேன். 2000 ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்களுக்காக வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படிமுறையை எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்: தனியிடத்தில் அமர்த்து, அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேள், பிறகு சொல், அழ விடு, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார். ஆனால் மருத்துவர் சொல்லும் செய்தி உடம்பினுடையது, அதை அவர் உண்டாக்கவில்லை. நான் சொல்லவேண்டியிருந்ததோ நாங்களே எடுத்த முடிவு. அந்தப் பழங்களுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. இதை மன்னிப்பாகக் கேட்கிறேனா, நியாயமாகச் சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒன்றை நானும் கேட்கவேண்டும். ‘பார்ப்பம்’ என்றால் என்னவென்று நம்மவர்களில் யாருக்குத் தெரியாது? பெண்வீட்டார் ‘பார்ப்பம்’ என்றால் தரகர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கடன் கேட்டு வந்தவர்களுக்கு நீங்களும் அதைச் சொல்லியிருப்பீர்கள். நான் சொன்னபோது மட்டும் அது எப்படி வாக்கானது? செத்தவீட்டில் “அந்தப் பிள்ளை ஏமாத்திப்போட்டுது” என்று சொன்னீர்களாம். இரவு பத்து மணிக்கும் உங்கள் அழைப்பை எடுத்தவளும் அந்தப் பிள்ளைதானே.

எழுதியதை அழிக்கப் பார்த்தேன், அழிக்கவில்லை. தரகருக்குப் போக அடுத்த வீடு இருக்கிறது. உங்களுக்கு எங்கள் அலுவலகத்தை விட்டால் வேறிடம் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

இருந்திருக்கிறது. எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்திருந்த அந்த ஜூலை முதல் வாரத்தில், நீங்கள் பழம் கொண்டுவந்த பத்தொன்பதாம் நாள், படிக்கட்டில் நின்றபடியே கடிதத்தை நீட்டினேன். இடையில் இரண்டு தடவை நீங்கள் தொலைபேசி எடுத்தபோது, கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். நீங்கள் கடிதத்தைப் பிரிக்கவில்லை. “முதலே சொல்லியிருந்தா தம்பியிட்டக் கேட்டிருப்பன், பிள்ளை. அவனுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் இருந்தனான்” என்றீர்கள். கனடாவிலிருந்து நாலாம் நாள் காசு வந்தது. ஊசி ஏற்றும் நிலையில் அண்ணை அப்போது இல்லை.

திவசத்தன்று மகரகமயில் நோயாளர் தங்கும் விடுதியொன்றில் மதியச் சாப்பாட்டுக்கு அண்ணையின் பெயரில் பணம் கட்டியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் செய்தது. வேண்டாமென்றால் வேண்டாமென்றே சொல்லுங்கள், பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன். என் இலக்கம் மாறவில்லை.