காலையில் வரச் சொன்ன பெண்ணுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள குளத்துக் கூட்டத்துக்கு,

சூலூர் குளக்கரையில் அன்றைக்குப் பறவை பார்க்கும்போது நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள். அதனால், என் காலில் புடைத்திருந்த வெரிகோஸ் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கொட்டிய அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். லேசர் சிகிச்சை முடிந்தது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்த ரத்தக்குழாய் நன்றாக மூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நேற்று காலை சிங்காநல்லூர் குளத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தேன். வந்த சூட்டோடு எழுதுகிறேன்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, எதையும் காதில் வாங்காமல் என்னைப் படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, ரத்தம் வந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே இருந்த தம்பிக்கு நன்றி. செய்ய வேண்டியதைத்தான் செய்தான் என்று டாக்டரே சொன்னார். காசு வேண்டாம் என்று போய்விட்ட ஆட்டோ அண்ணன், வகுப்பில் எனக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டுவைத்த தலைமை ஆசிரியை, தினம் ராத்திரி கால் பக்கம் தலையணை அடுக்கித் தரும் மருமகள், 'பவளக்கால் உள்ளான் எப்படி இருக்கிறது' என்று, அந்தச் சிவந்த கால் பறவையின் பெயரால் என் காலை விசாரித்து என்னைச் சிரிக்க வைத்த குறும்புக்காரர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

இனி, உங்களில் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அழுத்தக் காலுறை வாங்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். ஸ்கூல் விட்டு, பஸ் பிடித்து, சர்ஜிக்கல் கடைக்குப் போகும்போது விளக்கு வைக்கிற நேரம். கவுன்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், குனிந்து என் காலைப் பார்த்தாள். "இப்ப வேண்டாங்கம்மா. சாயங்காலம் கால் வீங்கியிருக்குது. இப்ப அளந்தா பெரிய சைஸ் வரும், காலைல பார்த்தா லொடலொடன்னு இருக்கும். எந்திரிச்ச சூட்டோட வாங்க. கடை ஒம்பதுக்குத்தான், ஆனா நான் எட்டுக்கே கூட்டறதுக்கு வந்துருவேன்" என்றாள். கையில் பணத்தோடு நிற்கிறவளைத் திருப்பி அனுப்புகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். அந்தக் காலுறை ஒன்றும் மலிவு இல்லை. அளவு சரியில்லை என்று யாரும் திருப்பித் தரவும் முடியாது.

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். கடையில் இருந்ததே ஒரு ஸ்டூல்தான், அதிலும் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றை இறக்கி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். கணுக்காலுக்கு மேலே ஒடுங்கிய இடத்தில் ஒரு அளவு, கெண்டைக்கால் பருத்த இடத்தில் ஒரு அளவு, தொடையில் ஒன்று. டேப்பை இறுக்காமல், தொட்டும் தொடாமலும் வைத்து அளந்தாள்.

போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிளாஸ் 2 (நடுத்தர அழுத்தம்) காலுறையைக் காலில் ஏற்றுவது ஒரு மல்யுத்தம். அவள் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையை எடுத்து என் பாதத்தில் மாட்டினாள். காலுறையைக் குதிகால் வரைக்கும் உள்வெளியாகத் திருப்பி, பையின் மேலேயே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. குதிகால் சரியாக உட்கார்ந்ததும், விரல் பக்கம் திறந்திருக்கும் ஓட்டை வழியாகப் பையை உருவி எடுத்துவிட்டாள். அப்புறம் என் கையில் ரப்பர் கையுறையைக் கொடுத்து, உள்ளங்கையால் நீவி நீவி மேலே ஏற்றச் சொன்னாள். எண்ணெய் தடவிவிட்டுப் போடாதீர்கள், இலாஸ்டிக் போய்விடும். மேல் விளிம்பை மடித்து விடாதீர்கள், அந்த இடத்தில் கயிறு கட்டின மாதிரி இறுக்கும். துவைத்து நிழலில் போடுங்கள். இதெல்லாம் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கலாம், நான் படித்திருக்க மாட்டேன்.

எழுந்து நிற்கும்போதுதான் கவனித்தேன், அவள் சுடிதார் பேண்டுக்குக் கீழே அதே தோல் நிறக் காலுறை. முப்பது வயதுகூட இருக்காது. "நாள் பூரா நிக்கறமில்லீங்களா" என்றாள், அவ்வளவுதான்.

நின்று கொண்டே இருப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி. காலில் இறங்கிய ரத்தம் மறுபடி மேலே ஏற, கெண்டைக்கால் தசை அடிபம்பு மாதிரி வேலை செய்ய வேண்டும். நடந்தால் அது அடிக்கும், அசையாமல் நின்றால் நின்றுவிடும். கால் ரத்தக்குழாயில் வால்வு பழுதானவர்களுக்கு ரத்தம் கீழேயே தேங்கும். ஆசிரியை வேலையும் பறவை பார்ப்பதும் இரண்டுமே நிற்கிற வேலை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தாழைக்கோழி நாணலை விட்டு வெளியே வருகிற வரைக்கும் சிலையாக நிற்போமே! டாக்டர் நடக்கச் சொன்னார், நிற்கத்தான் வேண்டாம் என்றார். ஆக, குளத்துக்கு வருவதற்குத் தடையில்லை.

எனக்காவது நாற்காலி கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு? கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளாவில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் வந்தது, ஸ்டூலில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இனி எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும், புடவையைப் பிரிப்பதற்கு முன்னால், "உங்களுக்கு உட்கார எங்கே இடம்?" என்று முதலாளி காதில் விழுகிற மாதிரி கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஒரு ஸ்டூலாவது காலியாகும்.

அவளிடம் பெயரைப் போட்டு நன்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்கம்மா, வந்த ஆளை ஏன் திருப்பி அனுப்புனேன்னு கேப்பாங்க" என்று சிரித்தாள். அதனால் பெயரில்லாமலே, கண்ணு, உனக்கு என் நன்றி.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நான் உண்டு. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணுகிற வேலையை இளசுகள் எடுத்துக்கொள்ளுங்கள், கரையோரம் நடந்து எண்ணுவதை எனக்கு விடுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குச் சிங்காநல்லூர் வந்துவிடுவேன். என்னோடு பேச வேண்டும் என்றால் கூடவே நடக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.